கடல்நீர்த் தொட்டியில் பவளம்: புது வரவைப் பழக்கும் முறை

கடை முகப்பில் மீன் தொட்டி வைப்பது நம் சின்ன காஞ்சிபுரம் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. பெரியவர்கள் சரக்கு பார்க்கும் நேரத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைக்க அதைவிட நல்ல உபாயம் இல்லை. இப்போது உறுப்பினர்கள் சிலர் தங்கமீனை விட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு மாற விரும்புகிறார்கள். அதில் உயிர்ப் பவளம் வைக்கலாமா, வைத்தால் பத்தே நாளில் வெளுத்துப் போவது ஏன் என்றும் கேட்கிறார்கள். நாம் அறிந்தவரை இங்கே விளக்குகிறோம்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை இது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திருத்தப்படி, இவற்றை வாங்கி விற்பவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 'ராமேஸ்வரத்துச் சரக்கு, அழகுக் கல்தானே' என்று வாசலில் யாராவது நீட்டினால் கை நீட்ட வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லாத மென்பவள வகைகளாக இருந்தாலும், முறையாக இறக்குமதியானதற்கான தாள்களும் பில்லும் இல்லாமல் வாங்கக் கூடாது. கீழே சொல்லும் முறை அப்படி வாங்கியவர்களுக்கும், சட்டம் அனுமதிக்கும் வெளிநாடுகளில் வீட்டில் பவளம் வளர்க்கும் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. கூட்டமாக வாழும் சிறு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரனுக்கும் பங்கு தருகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி இந்தப் பாசியால் வருவதுதான். சூடோ வெளிச்சமோ உப்போ திடீரென்று மாறினால் குடித்தனக்காரன் வெளியேறிவிடுவான். அதையே வெளுப்பு என்கிறோம். வெளுத்த உடனே பவளம் செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. நிலைமை சீக்கிரம் சரியானால் பிழைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மளிகைக்காரர்களான நமக்கே ஒரு தவறான எண்ணம் வரக்கூடும். கடல்நீர் என்றால் உப்புக் கரைத்த தண்ணீர்தானே, கடையில் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு இருக்கிறதே என்று தோன்றும். தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதி ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. நடுவில் விளையும் உப்பு மட்டுமே நம் மூட்டைக்கு வருகிறது. சமையலுக்கு அது நல்ல உப்பு. ஆனால் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள நீரில் வாழ்ந்த பவளத்துக்கு அது போதாது. தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது அளவு. ஆகவே 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. கலவையில் கொஞ்சம் ஈரமும் இருக்கும். எடையை மட்டும் நம்பாமல் அளவு மானியால் 1.025 அடர்த்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துக் கிணற்று நீரையும் குழாய் நீரையும் நேரே ஊற்றாமல் ஆர்.ஓ. நீர் சேர்ப்பது நல்லது.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அடுப்பில் மறந்த ரசம் கரிப்பதைப் போலத்தான். 100 லிட்டர் 95 ஆகச் சுண்டினால் 35 கிராம் ஏறக்குறைய 37 ஆகிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே விட வேண்டும். இன்னொன்று: செம்பு, பித்தளைக் குடத்தில் இந்த நீரைப் பிடிக்கவே கூடாது. செம்பு துளி கலந்தாலும் பவளத்துக்கு விஷம். மீன் நோய்க்கான சில மருந்துகளிலும் செம்பு உண்டு.

புதுத் தொட்டியில் அன்றைக்கே பவளம் இறக்குவது வீண் செலவு. கழிவில் பிறக்கும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி வெறுமனே ஓடட்டும்.

பவளம் வந்த நாளில் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு பைநீரோடு ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து, தொட்டி நீரை மெல்லிய டியூப் வழியே அரை மணி, முக்கால் மணி நேரம் சொட்டச் செய்து, இரண்டு நீரின் உப்பளவும் ஒன்றானதும் பவளத்தை மட்டும் எடுத்து வைக்கலாம். பைநீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வெகுதூரம், ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து வந்த சரக்கென்றால் இந்தச் சொட்டும் வேலையை நீட்டக் கூடாது. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து, அம்மோனியாவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேற, விஷம் தலைதூக்கும். நிதானமாகச் செய்கிறோம் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தால், அந்த நிதானமே அதைக் கொன்றுவிடும்.

பலர் கோட்டை விடுவது வெளிச்சத்தில். வாங்கிய அன்றே விளக்குக்கு நேர் கீழே வைக்கிறார்கள். பெட்டியின் இருட்டில் கிடந்து வந்ததற்கு அது சித்திரை வெயில். முதலில் அடித்தளத்தில், ஓரமாக, விளக்கு நேரத்தையும் குறைத்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மேலே ஏற்றலாம். தினமும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும் தவறு. ஓரிடத்தில் சில நாள் இருக்கட்டும்.

இதே சங்கதியைக் கடலிலேயே நம் மாநிலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் கணக்கில் உண்டு. 1986-ல் அவை கடல் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அரிப்பும் சேர்ந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் அப்பகுதியில் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். ஆனாலும் 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றபோது அந்த வளைகுடாவில் பவளங்கள் பெருவாரியாக வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால், மே மாதக் காஞ்சிபுரத்தில் தகரக் கூரைக் கடைக்குள் 100 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? 24 முதல் 27 டிகிரிக்குள் வைக்கக் குளிரூட்டும் கருவி வேண்டும். கரண்ட் போனால் அதற்கும் பம்புக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பிள்ளைகளைக் கவர வேண்டும் என்பதே நோக்கமானால், நாம் சொல்லும் யோசனை வேறு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியுள்ளனர். அப்படிப் பண்ணையில் வளர்ந்த ஜோடி ஒன்றை, செயற்கைப் பவளம் வைத்த தொட்டியில் விடலாம். சட்டச் சிக்கலும் இல்லை, கடலுக்கும் சேதமில்லை. அவற்றையும் பையை மிதக்க விட்டு, உப்பளவு பார்த்துத்தான் இறக்க வேண்டும்.