குழாய்க்குள் குடியேறும் கிருமிகள்

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. மருந்து கொடுத்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலத்தைக் குழாயில் தடவலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: தடவவே வேண்டாம். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் குழாய் நைந்துபோகும், தோலும் எரியும். மழைக்காலத்தில் உங்கள் சேர்வராயன் மலைப் பாறைகளில் வழுக்குமே, அதுபோன்ற படலம்தான் குழாயின் உட்சுவரிலும் படிகிறது. கிருமிகள் தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாகப் பதுங்குகின்றன. பல உறக்கநிலையில் கிடப்பதால் மருந்துக்குத் தப்பி, மாத்திரை நின்றதும் கிளம்புகின்றன. இப்படலத்தைக் குலைக்கும் தாவரப் பொருள்களைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். அது ஆய்வக வேலை, வீட்டு வைத்தியம் அல்ல.

பழைய குழாயை மாற்றி, புதுக் குழாயிலிருந்து சிறுநீர் எடுத்துக் கல்ச்சர் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் இன்னும் தேவைதானா என்றும் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சலோடு நடுக்கமோ மனக்குழப்பமோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.