நொதியின் இருப்பிடம்

கண்ணனுக்கு,

ஒரு நொதி என்ன செய்கிறதென்று தெரிந்தால் போதாதா, உயிரணுவுக்குள் அது எங்கே இருக்கிறதென்று தேடுவதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தாய். பழ ஈயின் விஷயத்தில் இருப்பிடம் தெரிந்த பிறகுதான் தொழிலே விளங்கிற்று.

பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஆயினும் அந்த ஒன்று ஏறக்குறைய இரு மடங்கு உழைத்துக் குறையை ஈடுசெய்துவிடுகிறது என்பதை, 1965-இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஏ. எஸ். முகர்ஜியும் ஜெர்மானிய அறிஞர் பீர்மனும் புதிதாக உண்டாகும் ஆர்.என்.ஏ.வைக் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு நிரூபித்தார்கள். இதைச் செய்வது எது? சில மரபணுக்கள் பழுதானால் ஆண்கள் மட்டும் மடிந்துபோவதைக் கண்டவர்கள், அவற்றின் புரதங்கள் மீது சந்தேகம் கொண்டார்கள்.

பழ ஈயின் புழுப்பருவத்தில், உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்கள் பிரியாமலே படியெடுத்துப் படியெடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் சேர்ந்த வடங்களாகத் திரண்டிருப்பதால், ஒரு புரதம் எங்கே ஒட்டியிருக்கிறதென்று நுண்ணோக்கியில் காண்பது சாத்தியமாகிறது. 1991-இல் குரோடா முதலியோர், அப்படிச் சந்தேகிக்கப்பட்டவற்றில் ஒன்றாகிய 'மேல்லெஸ்' என்னும் புரதத்தை எதிர்ப்பொருளால் தேடியபோது, ஆணின் எக்ஸ் மீது நூற்றுக்கணக்கான இடங்களில் அது அமர்ந்திருந்தது. மறு ஆண்டு டர்னர் குழுவினர், குரோமோசோமின் புரதங்களுள் ஒன்றாகிய ஹிஸ்டோன்-4இன் 16-ஆம் லைசினில் அசிட்டைல் ஏறியிருப்பதும் விசேஷமாக அதே குரோமோசோமில்தான் என்று கண்டார்கள். அதை ஏற்றும் நொதி 'மாஃப்' என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

படத்தின் அழகில் மயங்கி அத்துடன் நின்றுவிடுவோர் பலர். என் அபிப்பிராயத்தில், அதன்பின், மேல்லெஸ், மாஃப் முதலிய புரதங்கள் சேர்ந்த கூட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததே இவ்வாராய்ச்சியின் ஜீவன். அக்கூட்டின் மற்ற உறுப்புகளான எம்.எஸ்.எல்.-1, எம்.எஸ்.எல்.-2 ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கூட்டு எக்ஸில் அமர்வதில்லை, எம்.எஸ்.எல்.-3 இல்லாவிட்டாலோ, அவ்விரண்டும் 30, 40 இடங்களில் மட்டும் அமர்ந்து, அங்கிருந்து பரவமாட்டாமல் தங்கிவிடுகின்றன. பெண்ணில் எம்.எஸ்.எல்.-2 இயற்கையாக உண்டாவதில்லை. செயற்கையாக உண்டாக்கினால், கூட்டு முழுவதும் அவளுடைய இரண்டு எக்ஸ்களிலும் சென்று அமர்ந்துவிடுகிறது!

ஆகவே, மாஃபுக்கு எக்ஸின் வழியைக் காட்டுவது அதன் துணைவரே. அதே மாஃப் வேறு துணைவரோடு கூடும்போது, ஆண் பெண் இருபாலாரிலும், எல்லாக் குரோமோசோம்களிலும், மரபணுக்கள் தொடங்கும் இடங்களில் காணப்படுகிறது.

அன்புள்ள,
மாமா