கொடுக்கும் கையும் கணக்கு எழுதும் கையும்

அண்மையில் ஒரு தோட்டத்தில் விளக்கக் கூட்டம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பல்லாண்டுகள் பால் வெட்டி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் எம்மை அணுகினார். அவருடைய பேரனின் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்ததாம். இருதய நோயுற்ற குழந்தையின் படமும் அதன்கீழ் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருந்தனவாம். மனம் பொறுக்காமல் 50 வெள்ளி அனுப்பச் செய்தார். மூன்று மாதங்கள் கழித்து அதே படம், வேறு பெயருடனும் வேறு கணக்கு எண்ணுடனும் மீண்டும் வந்தது. “ஐயா, இனி யார் வந்து கேட்டாலும் ஐந்து காசு கொடுக்க மாட்டேன்” என்றார் அவர்.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர் வேறொரு ஐயத்தை எழுப்பினார். “அறப்பணி அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் உண்டாமே, அப்படியானால் அது எப்படித் தருமம் ஆகும்?” என்பது அவர் வினா.

இவ்விரு வினாக்களும் நியாயமானவையே. மூதாட்டி இழந்தது 50 வெள்ளி. ஆனால் அவர் கையை மூடிக்கொண்டால் அதனால் இழப்பவர் ஏமாற்றியவர் அல்லர்; நாளை உண்மையாகவே உதவி நாடி வரும் நோயாளியே ஆவார். ஆதலால் நன்கொடை திரட்டும் பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதில் உழைப்போர் என்ன செய்கின்றனர், கொடுப்போர் எதைக் கேட்டறிய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓடியவர் ஒருவர், உழைத்தவர் பலர்

கனடா நாட்டைச் சேர்ந்த டெர்ரி பாக்ஸ் என்னும் இளைஞருக்கு 1977ஆம் ஆண்டில், அவருடைய 18ஆம் வயதில், எலும்புப் புற்றுநோய் கண்டது. வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. அவர் பிழைக்க நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பு உண்டு என மருத்துவர்கள் கூறினர். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 15 பங்காகவே இருந்ததாம். ஆராய்ச்சியே இந்த வேறுபாட்டைக் கொணர்ந்தது என்பதை உணர்ந்த அவர், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காகச் செயற்கைக் காலுடன் நாடு முழுவதையும் ஓடிக் கடக்கத் தீர்மானித்தார்.

இதற்கு ஆதரவு கேட்டுக் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்திற்கு அவர் கடிதம் எழுதினார். சங்கத்தார் உடனே இசைந்துவிடவில்லை. செலவுக்கு ஆதரவாளர்களைத் தேடிக்கொள்ள வேண்டும், இருதய மருத்துவரின் சான்றிதழ் பெற வேண்டும் என்று கூறினர். இதனை இரக்கமின்மை என்று கொள்ளலாகாது. ஓர் உயிரும் பொதுமக்களின் பணமும் சம்பந்தப்பட்ட செயலில், முதலில் கேள்வி கேட்பதே பொறுப்புள்ள பணியாளரின் கடமையாகும்.

டெர்ரி 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் கிழக்குக் கரையில் ஓட்டத்தைத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். தொடக்கத்தில் பனியும் காற்றும் வருத்தின. வேடிக்கை பார்த்தோர் சிலரே. எனினும் நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள ஒரு சிறு துறைமுக ஊரின் மக்கள் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்து அவருக்கு ஊக்கமளித்தனர். பின்னர், பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாநிலத்தில் ஆதரவு மீண்டும் குன்றியது.

நிலைமை மாறியது ஒண்டாரியோ மாநிலத்தில்தான். அங்குப் புற்றுநோய்ச் சங்கத்தின் பணியாளராக இருந்த பில் விகர்ஸ் என்பவர், ஓட்டக்காரர் வந்து சேருமுன்னரே ஏற்பாடுகளைத் தொடங்கினார். ஊர் ஊராகச் செய்தி பரவியது. எல்லையில் இசைக்குழு வரவேற்றது. காவல்துறை வழித்துணை தந்தது. ஒட்டாவா நகரில் காற்பந்து வகை ஆட்டமொன்றைத் தொடங்கி வைக்க டெர்ரி திடலில் இறங்கியபோது 16,000க்கும் மேற்பட்ட மக்கள் எழுந்து நின்று கையொலி எழுப்பினர். டொரண்டோ நகர மன்றத்தின் முன் 10,000 பேர் திரண்டனர். அந்த ஒரே நாளில் சங்கத்திற்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ ஓரிலட்சம் டாலர்.

ஓடியவர் அதே மனிதர்தாம். கால் அதே கால்தான். ஆனால் அவர் வரும் செய்தியை மக்களிடம் கொண்டு சென்று, அவர்கள் கொடுத்ததைத் திரட்டி, எண்ணி, எழுதிவைக்க ஆட்கள் இருந்தனர். இதுவே அறப்பணிப் பணியாளரின் வேலை.

143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பின், 1980 செப்டம்பர் 1ஆம் நாள், நுரையீரலில் புற்றுநோய் பரவியதால் டெர்ரி ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை செல்லும் நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஏறத்தாழ ஏழு தடவை ஓடிக் கடந்ததற்கு இது ஒப்பாகும். கனடிய மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 இலட்சம் டாலரைக் கடந்தது. அது அன்றைய கனடிய மக்கள்தொகைக்கு ஈடான தொகையாகும். அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள் தமது 22ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டம் மலேசியாவிலும் நடந்துள்ளது. இதுவரை உலகெங்கும் 80 கோடிக் கனடிய டாலருக்கு மேல் திரண்டிருக்கிறது.

இன்னொன்றையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தங்கள் பொருள்களை விளம்பரப்படுத்தச் சொன்ன நிறுவனங்களின் உதவியை டெர்ரி மறுத்துவிட்டார். இவ்வோட்டத்தால் எவரும் இலாபம் அடையலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சிறு தொகைகள் சேர்ந்து பெருநிதியாவது நமக்கும் புதியதன்று. 1950ஆம் ஆண்டுகளில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கு வலுச்சேர்க்கத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டியபோது, எளிய தொழிலாளர்களின் வெள்ளிகளும் அதில் சேர்ந்தன.

பணியாளரின் அன்றாட வேலை

அறப்பணி அமைப்பில் பணிபுரிவோரின் வேலை மேடையில் நடப்பதன்று. காலையில் கடிதங்களைப் பிரிப்பது, வந்த தொகைக்கு அன்றே ரசீது எழுதுவது, உண்டியல்களை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி வங்கியில் செலுத்துவது, நோயாளியின் குடும்பத்தாரைச் சந்தித்து நிலைமையை ஆராய்வது ஆகியவை நாள்தோறும் உள்ள கடமைகள். நடை, ஓட்டம் முதலியவை நடைபெறுங்கால் காவல்துறையின் இசைவு, முதலுதவி, குடிநீர், தொண்டர்களின் உணவு அனைத்தையும் அவர்களே கவனிக்க வேண்டும். பிறர் ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்கு வேலை மிகுந்த நாள்.

எல்லாவற்றினும் கடினமானது, இல்லை என்று சொல்ல நேரும் வேலையாகும். பத்துப் பேர் உதவி கேட்டு வந்திருக்க, நிதி நால்வருக்கு மட்டுமே போதும் எனில், மற்ற அறுவருக்கும் மறுமொழி கூற வேண்டியவர் அப்பணியாளரே. அந்தத் துயரத்தை அவர் வீட்டிற்கும் சுமந்து செல்கிறார்.

குழு விளையாட்டும் கைத்தொலைபேசியும்

நிதி திரட்டும் பணியில் விளையாட்டு பெரும்பங்கு வகிக்கிறது. 1996ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்னும் விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைக் கொண்டு ஒரு படகோட்டக் குழுவை அமைத்தார். அத்தகைய பெண்கள் கைக்கு வலுவான வேலை கொடுத்தால் கை வீங்கும் என்ற அச்சம் அந்நாளில் நிலவியது. முறையான பயிற்சியுடன் துடுப்பு வலித்தும் அவர்களுக்கு அவ்வாறு நேரவில்லை. இன்று இத்தகைய குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. அவை நோயாளிகளுக்குத் துணிவையும், பார்ப்போருக்கு விழிப்புணர்ச்சியையும் ஒருங்கே தருகின்றன.

சமூக ஊடகத்தின் ஆற்றலையும் ஒரு விளையாட்டு வீரரின் வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் குழுவின் தலைவராக விளங்கிய பீட் பிரேட்ஸ் என்பவருக்கு 2012இல் ஏ.எல்.எஸ். என்னும் நோய் கண்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் நோய் அது. அவரும் அதே நோயுற்ற பேட் குவின் என்பவரும் 2014இல் ஒரு சவாலைப் பரப்பினர். பனிக்கட்டி நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நன்கொடை தர வேண்டும். பிறகு வேறு சிலரையும் அவ்வாறே அழைக்க வேண்டும். இலட்சக்கணக்கானோர் இதனைப் படம் பிடித்துப் பரப்பினர். பலர் நீரும் ஊற்றிக்கொண்டு நன்கொடையும் அளித்தனர். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு அக்கோடையில் 11 கோடியே 50 இலட்சம் டாலர் கிடைத்தது.

சிரிப்பு அடங்கியதும் பணியாளரின் கடமை தொடங்கியது. வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதாகச் சங்கம் பொதுமக்களுக்குக் கணக்கு வெளியிட்டது. அந்நிதியின் உதவியுடன் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அறிஞர்கள் 2016இல் கண்டறிந்தனர்.

காற்பந்தாட்டத்தை நன்கு அறிந்தவர்கள் நம் தோட்ட மக்கள். கோல் அடித்தவரின் பெயரையே கூட்டம் கூவுகிறது. ஆயினும் பந்தைத் தடுத்தவரும் அதை எடுத்துக் கொடுத்தவரும் இல்லையேல் அந்தக் கோலும் இல்லை. அறப்பணியில் ரசீது எழுதுபவரும் அத்தகையவரே.

சம்பளம் தவறா?

பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வேலை முடித்துப் பால் நிறுத்து, அதற்குரிய கூலியைப் பெறுவதை எவரும் குறை கூறுவதில்லை. அதுபோல, முழுநேரம் உழைக்கும் அறப்பணிப் பணியாளருக்கும் குடும்பம் உண்டு. நியாயமான சம்பளம் தவறாகாது. மறைக்கப்படும் சம்பளமே தவறானது.

இதற்குச் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். அங்குள்ள தேசியச் சிறுநீரக அறநிறுவனம் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை அளித்து நற்பெயர் பெற்றிருந்தது. அதன் தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்டது பற்றி 2004இல் ஒரு நாளிதழ் எழுத, நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2005 ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவருடைய சம்பளமும் ஊக்கத்தொகையுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி வழங்கப்பட்டது வெளியாயிற்று. சேமிப்பு நிதி குறித்தும் நோயாளிகளின் எண்ணிக்கை குறித்தும் மக்களுக்குச் சொல்லப்பட்டவை சரியல்ல என்பதும் தெரியவந்தது. இரண்டாம் நாளே வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. நிர்வாகியும் குழுவினரும் பதவி விலகினர். சினமுற்ற மக்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் மாத நன்கொடையை நிறுத்தினர்.

தவறு செய்தவர் சிலர். அஞ்சி நின்றவர்களோ வாரம் மும்முறை சிகிச்சைக்கு வரும் நோயாளிகள். பின்னர் புதிய நிர்வாகம் பொறுப்பேற்றுக் கணக்குகளை மக்கள்முன் வைத்தது. 2007இல் சிங்கப்பூரில் அறப்பணி அமைப்புகளுக்கென நிர்வாக ஒழுங்கு விதித்தொகுப்பும் வெளியிடப்பட்டது. இழந்த நம்பிக்கை சிறிது சிறிதாக மீண்டது. கணக்கைத் திறந்து காட்டியதே அதற்கு வழி வகுத்தது.

கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் வீடுவீடாகச் சென்றோ தெருவிலோ வசூல் செய்வதற்கு உரிமம் தேவை. 1947ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே, வசூலுக்கு வருவோரிடம் கீழ்க்காண்பவற்றைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

1. வசூல் உரிமமும் அடையாள அட்டையும் உள்ளனவா?

2. அமைப்பு எங்கே, எந்தப் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது? சங்கமாயின் சங்கங்களின் பதிவதிகாரியிடம் பதிவு இருக்க வேண்டும்.

3. வரிசை எண் அச்சிடப்பட்ட ரசீது தருகிறார்களா? வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பெனில், அந்த ரசீதில் அவ்விவரம் காணப்படும்.

4. வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் உள்ளதா, தனியாள் பெயரில் உள்ளதா?

5. சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கை எங்கே பார்க்கலாம்?

கைத்தொலைபேசியில் வரும் வேண்டுகோளாயின், உடனே பணம் அனுப்புதல் கூடாது. சிகிச்சை எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்று கேட்டு, அங்குள்ள சமூகநலப் பிரிவில் விசாரிக்கலாம். கணக்கு எண் குறித்து முன்னரே புகார் உள்ளதா என்பதைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் காணலாம். வீட்டிலுள்ள இளைஞர்கள் இதற்கு உதவலாம். பணம் அனுப்பிய பின் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தால், தாமதியாது 997 என்னும் எண்ணுக்கு அழைத்துத் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்விதிகள் பிறருக்கு மட்டுமல்ல. கோயில் திருவிழாவிற்கோ, தமிழ்ப்பள்ளிக்கோ, இறந்தவர் குடும்பத்திற்கோ நம் தோட்டத்தில் வசூல் செய்யும்போது நாமும் அவ்வாறே நடந்துகொள்ளல் வேண்டும். பணம் பெறுபவர் ஒருவரும், கணக்கு எழுதுபவர் மற்றொருவருமாக இருத்தல் நன்று. வேலை முடிந்ததும் வரவு செலவைத் தாளில் எழுதி, எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டிவிட வேண்டும்.

அன்று அம்மூதாட்டியிடம் நாம் கூறிய மறுமொழியும் இதுவே. “அம்மா, கையை மூட வேண்டாம், கொடுப்பதற்கு முன் கேளுங்கள். நேர்மையானவர் உங்கள் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.” அவர் சற்று நேரம் சிந்தித்தார். பின்னர், அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கிச் சென்றார்.

சிந்தனைக்கு

1. டெர்ரி பாக்ஸ் ஆதரவு கேட்டபோது புற்றுநோய்ச் சங்கம் உடனே இசையாதது சரியா? ஏன்?

2. அறப்பணி அமைப்பில் பணிபுரிவோருக்குச் சம்பளம் வழங்குவது குறித்து உங்கள் கருத்து என்ன?

3. உங்கள் தோட்டத்தில் கடைசியாக நடந்த வசூலின் கணக்கு எல்லாரும் காண வைக்கப்பட்டதா?