ஸ்டீராய்டு நிறுத்திய பின் ரத்தப் பரிசோதனை எப்போது?

தசைக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டு நிறுத்தியவர்கள், முகத்திலும் முதுகிலும் பரு கிளம்பியதும் மறுநாளே ஹார்மோன் பரிசோதனைக்கு ஓடுவதில் பயனில்லை. டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் எண்ணெயில் கரைத்த ஊசி. தசையிலிருந்து வாரக்கணக்கில் ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நான்ட்ரோலோன் டெகனோயேட் என்ற ஸ்டீராய்டு ஊசி அதைவிட நீளும். வெளி மருந்து உள்ளே இருக்கும்வரை விதைப்பையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் இரண்டும் அமுங்கியே கிடக்கும். உடம்பு தானாக எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது என்பது தெரியவே தெரியாது. எனவே கடைசி ஊசிக்குப் பின் 6 வாரமாவது போகட்டும். காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். அளவு குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அதுவரை பருவை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று கேட்கலாம். வேண்டாம். தோல் மருத்துவரை உடனே பாருங்கள், ஊசி போட்டதை மறைக்காமல். அவர் தரக்கூடிய ஐசோட்ரெடினாயின் ரத்தக் கொழுப்பையும் கல்லீரல் என்சைம்களையும் ஏற்றக்கூடியது. ஆகவே அந்தச் சோதனைகள் மாத்திரைக்கு முன்பே முடிய வேண்டும், 6 வாரக் கணக்கு அவற்றுக்கு இல்லை. கடும் உடற்பயிற்சியாலேயே ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற அந்த என்சைம்கள் கூடும் என்பதால் சோதனைக்கு முன் சில நாள் எடை தூக்காதீர்கள். முடிக்கும் தோலுக்கும் விழுங்கும் பயோட்டின் ஹார்மோன் முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும். மருத்துவரிடம் கேட்டு முன்பே நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சலோடு பரு புண்ணானாலோ நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.