மோட்டார் எடுக்க மனம் வரவில்லையா?

இளம் வயதில் சாவி கையில் இருந்தால் போதும், கால் தானாக வாசலுக்குப் போகும். இப்போது அதே சாவி ஆணியில் தொங்குகிறது. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறீர்கள். மழை வரும்போல இருக்கிறது என்கிறீர்கள். மறுநாள் வெயில் அதிகம் என்கிறீர்கள். வீட்டில் துருவிக் கேட்டால், "மோட்டார்மேல் ஆசை விட்டுப்போச்சு" என்று பேச்சை முடித்துவிடுகிறீர்கள்.

மலாயில் இதைத் 'தாவார் ஹாத்தி' என்பார்கள். உப்பில்லாத குழம்புபோல மனம் சப்பென்று ஆகிவிடுவது. 60 வயதைக் கடந்த பலருக்கு இது வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "வயசாச்சு" என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிடவும் கூடாது. ஆசை குறைவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அது கண்ணாக இருக்கலாம், முழங்காலாக இருக்கலாம், தினமும் விழுங்கும் மாத்திரையாக இருக்கலாம், மனமாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்த பிறகுதான் தொடர்ந்து ஓட்டுவதா, குறைத்துக்கொள்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தலைமுறையும் கப்சாயும்

இன்று எழுபதை நெருங்குகிறவர்களில் பலர் 1970-களில் மோட்டார் ஓட்டத் தொடங்கியவர்கள். ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டம் 1973-இல் வந்தது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்பட்டதும் அந்தப் பத்தாண்டில்தான். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. இவையெல்லாம் நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் கண்முன்னே வந்த மாற்றங்கள்.

ஹோண்டா கப் வகைச் சிறு வண்டியைக் 'கப்சாய்' என்றே எல்லோரும் சொல்கிறோம். அதில்தான் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டீர்கள். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கட்டு ஏற்றினீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தீர்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காத அந்த வட்டாரத்தில் மோட்டார் என்பது இன்னொரு ஜோடிக் கால் மாதிரி. அதை விடுவது சின்ன விஷயம் இல்லை. காரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியாது.

சிங்கப்பூரில் 65 வயதாகும்போது மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டால்தான் உரிமத்தை வைத்திருக்க முடியும். பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை அது தொடரும். ஜப்பானில் 75 வயதுக்கு மேல் நினைவாற்றல் சோதனையும் உண்டு. இங்கே சாதாரண மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு மேல் வயது வரம்பு இல்லை. ஆகவே நிறுத்த வேண்டிய நேரத்தை யாரும் வந்து சொல்லப்போவதில்லை. நீங்களே கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கண்

இரவில் ஓட்டப் பிடிக்கவில்லை என்பவர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது கண்ணைப் பற்றித்தான். வயது ஏற ஏற கண்மணி சுருங்கும், விழிவில்லை மங்கும். இருபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது. எதிரே வரும் லோரியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, வெளிச்சம் கடந்துபோன பிறகும் சில நொடி எதுவும் தெரியாமல் இருந்தாலோ, அது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆசை போய்விட்டது என்று நினைத்தவர், பார்வை தெளிந்ததும் பழையபடி வெளியே கிளம்புவதும் உண்டு.

கண் அழுத்த நோய் வேறு மாதிரி. நேராகப் பார்ப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். ஓரப்பார்வை மட்டும் வலியில்லாமல் குறைந்துகொண்டே போகும். "அந்தக் கார் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்று அடிக்கடி சொல்கிறவர் கண்ணைச் சோதித்தே ஆக வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் எண் பட்டையை வாசிக்க முடிகிறதா? வழக்கமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் முடியவில்லை என்றால், சோதித்துக்கொள்ளும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். கீறல் விழுந்த பழைய கண்ணாடி இரவு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் அந்தி சாயும் நேரத்தில் அது ஆபத்து. கண்ணைக் குறை சொல்லும் முன்பு இதை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு

2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரியவந்தது. நம் சமூகத்தில் இது கூடுதல் என்பது உங்களுக்கே தெரியும். மோட்டார் ஓட்டுகிறவரை இந்த நோய் மூன்று பக்கமிருந்து தாக்குகிறது.

முதலாவது கால். கப்சாயில் வலது காலில் பின் பிரேக், இடது காலில் கியர். பாதம் மரத்துப்போனவருக்குப் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது சரியாகத் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். பாதம் மெத்தையில் வைத்ததுபோல இருக்கிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஜப்பான் சிலிப்பரோடு ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூடிய காலணி போடுங்கள்.

இரண்டாவது கண்ணின் உட்புறம். விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கும் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, திடீரென்று சர்க்கரை இறங்குவது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது நேரலாம். வியர்க்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும், பாதை குழம்பும். கிளம்பும் முன்பு விரலில் குத்திப் பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறிய பிறகே கிளம்புங்கள். சட்டைப்பையில் எப்போதும் நான்கைந்து மிட்டாய் இருக்கட்டும்.

நோன்பு மாதத்தில் இது இன்னும் முக்கியம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் உடலில் சர்க்கரை குறைந்திருக்கும், சாலையில் எல்லோருக்கும் அவசரம் கூடியிருக்கும், மஸ்ஜித் இந்தியா பக்கம் ரமலான் பஸார் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வண்டி எடுக்காதீர்கள். அளவு 3.9-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. மாத்திரை நேரத்தை மாற்றுவது பற்றி ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

முட்டியும் கழுத்தும் மாத்திரையும்

ஒரு கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ எடை. ஓடும்போது அது தெரியாது. நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான் தெரியும். வயதானவர்கள் விழுவது வேகத்தில் மட்டும் இல்லை. சமிக்ஞை விளக்கில் நின்று கால் ஊன்றும்போதும், வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றும்போதும் விழுகிறார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் தொடையில் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். இது பயிற்சியால் திரும்ப வரக்கூடிய வலு. கிளினிக்கில் உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடியவில்லை என்றால், பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பித் தடம் மாறாதீர்கள்.

மாத்திரையைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் தரும். இரத்த அழுத்தத்துக்கும் புரோஸ்டேட்டுக்கும் கொடுக்கப்படும் பிராசோசின் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம். இரவு போட்ட தூக்க மாத்திரை காலையிலும் உடலில் இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மருந்தாளரிடம் கேளுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர், விழுந்து தலை இலேசாக இடித்திருந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெளியில் காயம் இல்லை என்று வீட்டில் படுத்துக்கொள்ளக் கூடாது.

ஆசை மோட்டாரில் மட்டும் போனதா?

இதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள். மோட்டார்தான் பிடிக்கவில்லை, ஆனால் நண்பர்களோடு தேத்தாரே குடிப்பது, பேரப்பிள்ளையோடு விளையாடுவது, பழைய படப்பாட்டு கேட்பது எல்லாம் முன்புபோலவே இனிக்கிறது என்றால், அது பெரும்பாலும் சாலையைப் பற்றி உங்கள் அனுபவம் சொல்லும் கணிப்பு. ஒருமுறை சறுக்கியிருப்பீர்கள், அல்லது உரசிப்போன லோரி மனத்தைவிட்டுப் போகாமல் இருக்கும். அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

ஆனால் எதிலுமே ஆர்வம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, மனம் கனத்துக் கிடக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், அது மோட்டார் விஷயமே இல்லை. அது மனச்சோர்வாக இருக்கலாம். மனைவி அல்லது கணவரை இழந்த பிறகும், கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகும் இது வருவதுண்டு. தைராய்டு குறைவும் இரத்தச் சோகையும்கூட இதே மாதிரி சோர்வைத் தரும் என்பதால் ஓர் இரத்தச் சோதனை தேவைப்படும். "நம் ஆட்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் போவதில்லை" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. போகாததால் கஷ்டப்பட்டவர்களும் நம்மிடையே உண்டு. சிகிச்சையால் குணமாகும் நோய் இது. பேச வேண்டும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555.

ஒரேயடியாக விட வேண்டியதில்லை

உடல் சோதனையில் பெரிய தடை இல்லை என்றால் குறைத்து ஓட்டலாம். இருட்டிய பிறகு வேண்டாம். பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கும், வெள்ளைக் கோடுகள் இன்னும் மோசம். சனிக்கிழமை மாலை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடும் நேரத்தில் அந்தப் பக்கம் வண்டியோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாதி மோட்டார், பாதி ரயில் என்பது பலருக்கு ஒத்துவரும். வீட்டருகே உள்ள எல்.ஆர்.டி. நிலையம்வரை பழகிய உள்சாலையில் ஓட்டிப் போய், வண்டியை அங்கே நிறுத்திவிடுங்கள். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் மஸ்ஜித் இந்தியா சில நிமிட நடை. நிலையத்தில் மின்தூக்கியும் உண்டு. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் கொமுட்டரில் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கலாம். 60 வயதைக் கடந்த மலேசியர்கள் சலுகை அட்டை எடுத்துக்கொண்டால் ரேபிட் கே.எல். ரயிலிலும் பஸ்ஸிலும் பாதிக் கட்டணம். நகருக்குள் கோ கே.எல். பஸ் மலேசியர்களுக்கு இலவசம்.

முழுவதுமாக நிறுத்துவது என்று முடிவானால், வண்டியை விற்பதற்கு முன்பு ஒரு வாரம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: மோட்டாரில் எங்கெல்லாம் போனீர்கள், அங்கே யாரைப் பார்த்தீர்கள். சந்தைக்கு மகள் போய்விடலாம். ஆனால் சுபுஹு தொழுகைக்கோ கோயிலுக்கோ போய்விட்டு நண்பர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியதை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. முதலில் அதற்குத்தான் வழி தேட வேண்டும். அதே திசையில் போகும் ஒருவரின் காரில் இடம் கேட்பது, வாரம் இரண்டு நாள் கிராப் பிடிக்கப் பணம் ஒதுக்குவது, சமூகநலத் துறையின் மூத்தோர் நடவடிக்கை மையத்தில் சேருவது என்று உங்களுக்குத் தோதானதைச் செய்யுங்கள். நிறுத்தியவர்கள் வீட்டுக்குள் அடைந்துபோனால் கால் வலு ஆறே மாதத்தில் கண்கூடாகக் குறையும். பிறகு நடப்பதற்கும் ஆசை இருக்காது.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சாவியை ஒளித்து வைப்பது இருப்பதிலேயே மோசமான வழி. "அப்பா, இனிமே ஓட்டாதீங்க" என்பதற்குப் பதிலாக, "அத்தா, நேத்து ராத்திரி வரும்போது கண் கூசிச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். உடனே மாற்று ஏற்பாட்டோடு பேசுங்கள். அழைத்துப் போகிறேன் என்று சொன்ன நாளில் அழைத்துப் போங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் எல்லாமே அதில் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியையும், இனிப்புநீர் அல்லது இரத்த அழுத்தப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்: "நான் மோட்டார் ஓட்டுகிறேன்."