ஸ்கோப்பைப் பிடிக்கிற சின்ன சாமான்

மதுரை புதூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியே தலை நரைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஐயா, குண்டு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." துப்பாக்கியை மாற்றிப் பார்த்திருப்பார்கள், பெல்லட்டை மாற்றிப் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற மவுன்டை மட்டும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஸ்கோப் வேண்டுமா என்று முதலில் யோசி. 10 மீட்டர் போட்டிக்குப் போகிற ஆசை இருந்தால் வேண்டாம். அங்கே உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, துளை வழியாகப் பார்க்கிற பீப் சைட்தான். ஆனால் அதுவும் ஸ்கோப் மவுன்ட் உட்காருகிற, துப்பாக்கி முதுகிலுள்ள அதே 11 மி.மீ. ரெயிலில் கவ்விக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த இறுதிச் சுற்றுக்கு முன் பழக்கத்துக்குச் சுட்டபோது குண்டு எங்கோ போனது. சைட் இடம் மாறியிருந்ததாக அவரே பிறகு சொன்னார். பதறாமல் திருத்திக்கொண்டு சுட்டார், கடைசிக் குண்டு 10.8. நமக்கு அந்த நிதானம் வராது. அதனால் அசையாத மவுன்ட் வேண்டும்.

2. ஒரு மயிரிழைக்குக் கணக்குப் போட்டுப் பார். தலைமயிர் சுமார் 0.07 மி.மீ. கனம். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கிற மவுன்டின் இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி என்று வை. பின் ரிங் ஒரு மயிர் கனம் ஒதுங்கினால் 25 மீட்டரில் குண்டு 17.5 மி.மீ. தள்ளிப் போகும். ஒரு ரூபாய் நாணயத்தின் நடுவைக் குறிவைத்தவனின் குண்டு நாணயத்தைத் தொடவே தொடாது.

3. நான் ஏமாந்த கதையைக் கேள். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மவுன்ட் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். பெட்டி, ஸ்டிக்கர், சீரியல் நம்பர் எல்லாம் கச்சிதம். விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு. முதல் நாள் அருமையாகச் சுட்டது. நாற்பது ஐம்பது குண்டு போனதும் அட்டையில் இடப்பக்கம் இறங்க ஆரம்பித்தது. ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தேன், மறுபடி இறங்கியது. ஆடிக் காற்று என்றேன். பெல்லட் மூன்று டப்பா மாற்றினேன். கடைசியில் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மதுரைக்காரனுக்குக் கண்ணில் சந்தேகம் வந்தால் போகிற இடம் அண்ணாநகர் கண் ஆஸ்பத்திரிதானே, போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

மவுன்டை ஏன் சந்தேகப்படவில்லை? கம்பெனி பெயர் போட்டிருந்ததே! லோக்கல் சாமானாக இருந்தால் முதல் நாளே அதைத்தான் கழற்றிப் பார்த்திருப்பேன். டூப்ளிகேட் எடுத்துக்கொண்டது என் காசை மட்டுமில்லை, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் என் சந்தேகத்தையும் அணைத்துவிட்டது.

வீட்டுக்காரம்மாவின் நகப்பூச்சை எடுத்து ரெயிலுக்கும் மவுன்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். இருபது குண்டுக்குப் பிறகு கோடு இரண்டாக உடைந்திருந்தது. மவுன்ட் பின்னால் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். அந்த இரண்டாவது இழுப்பில்தான் ரெயில் முன்னே போக, பிடி தளர்ந்த மவுன்ட் பின்தங்கிவிடுகிறது. புதிதாக மாட்டுகிறபோது அந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிடு.

4. உலோகத்தை எடை போட்டுப் பார். தெற்காவணி மூல வீதியில் பழக்கமான நகைக்கடைக்காரர் இருந்தால் அவருடைய மின்தராசு போதும். முதலில் மவுன்டை அப்படியே நிறு. பிறகு தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கு. மவுன்டை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடு. தராசு காட்டுகிற எண்ணால் முதல் எடையை வகு. என்னுடையது 168 கிராம், தண்ணீரில் காட்டியது 26. வகுத்தால் ஆறரை வந்தது. நல்ல மவுன்டுக்குரிய அலுமினியக் கலவை என்றால் 2.7, 2.8 வர வேண்டும். எஃகு என்றால் ஏழே முக்கால் பக்கம். ஆறரை என்றால் துத்தநாக வார்ப்பு, பொம்மைக் காருக்கு ஊற்றுகிற வகை. கையில் கனமாக இருந்ததால் உறுதி என்று நான் நினைத்திருந்தேன்!

துத்தநாகக் கலவையை இறுக்கிப் பிடித்து வைத்தால் நாள்பட நாள்படத் தளர்ந்துகொடுக்கும். சூடு ஏற ஏறத் தளர்வு வேகமாகும். மதுரை வெயிலில், பூட்டிய காருக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 6061 அலுமினியத்தை 7075 என்று சொல்லி விற்றால் தராசு காட்டிக்கொடுக்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, உறுதியில்தான் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

5. திருகைப் பார். டூப்ளிகேட் செய்கிறவன் பெட்டிக்குச் செலவழிப்பான், திருகுக்குச் செலவழிக்க மாட்டான். அலன் கீயை இரண்டு தரம் போட்டதும் குழி வட்டமாகிவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துபோகும். ரிங்கின் உள்பக்கம் விரலை ஓட்டு. பிசிறு தட்டுகிறதா, அச்சு சேர்ந்த கோடு தெரிகிறதா பார்.

6. டூப்ளிகேட் வேறு, மலிவு வேறு. தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டு, 'இது சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளுக்கு' என்று சொல்லி விற்கிற நம்மூர் அலுமினிய மவுன்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அடுத்தவன் பெயரைப் பொறித்து வருகிறதே, அதுதான் டூப்ளிகேட். இருபதாயிரத்துக்கு ஸ்கோப் வாங்கி ஐந்நூறுக்கு மவுன்ட் தேடுகிறவன் இருக்கிறவரை அது விற்கத்தான் செய்யும்.

7. நல்ல மவுன்டையும் கெட்டதாகப் பூட்டலாம். ரெயிலில் எண்ணெய் இருந்தால் துடை. பின் மவுன்டில் ஸ்டாப் பின் இருந்தால் ரெயிலுக்கு மேலே அதற்கென்று உள்ள குழியில் இறக்கு. ரிங் மூடியின் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனி தாளில் இருக்கும், பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. டார்க் டிரைவர் இல்லையென்றால் அலன் கீயின் குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருகு. முழுக் கையையும் போட்டால் ஸ்கோப் குழாய் நசுங்கும், அல்லது அலுமினியத்தில் மரை போய்விடும்.

8. பில் வாங்கு. பில் தராத கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காதே. வாங்கின பிறகு தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

9. இது மவுன்ட் சமாச்சாரம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்காக மேலூர்ப் பக்கம் வயலில் மயில் மேய்கிறது என்று நீட்டாதே. 1972 வனவிலங்குச் சட்டம் உன் ஸ்கோப் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று கேட்காது.

10. டூப்ளிகேட் என்று தெரிந்தால் அடுத்தவன் தலையில் கட்டாதே, பழைய இரும்புக் கடையிலும் போடாதே, மறுபடி பெட்டிக்குள் ஏறி வரும். நான் என்னுடையதை வைஸில் பூட்டி ஹேக்ஸாவால் அறுத்தேன். கறுப்புப் பூச்சுக்கு உள்ளே சாம்பல் நிறம், வெட்டு முகம் முழுக்க ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டை, ஆறிப்போன இட்லியைப் பிட்டது மாதிரி. ஒரு பாதி பட்டறை மேசையில்தான் கிடக்கிறது. கம்பெனி பெயரில் பின்பாதி எழுத்துகள் அதில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.