உறுப்புக் குறையும் ஊக்க நிறைவும்

குறையுடைமை இழிவன்று, முயலாமையே இழிவு என்னும் கருத்துடைய குறள் ஒன்று ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உளது. அதில் வரும் 'பொறி' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருளுரைத்தார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். பின்னையோர் உரைக்குக் கண்கூடான சான்று வேண்டுவோர் பாராலிம்பிக் பந்தயங்களின் வரலாற்றை நோக்குவாராக.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் ஊறுபட்ட போர்வீரர்க்கு மருத்துவம் புரிந்தவர் லுட்விக் குட்மன். விளையாட்டும் மருந்தே எனத் தெளிந்த அவர், 1948 ஜூலை 29-ல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக்கொண்டு விற்போட்டி நடத்தினார். அவ்வித்தே 1960-ல் ரோமாபுரியில் முதற் பாராலிம்பிக்காக முளைத்தது. இந்தியா 1968-ல் டெல் அவிவ் நகரில் முதன்முதற் கலந்துகொண்டது. 1965-ஆம் ஆண்டுப் போரிற் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் நம் நாட்டிற்கு முதற் பொற்பதக்கம் ஈட்டினார்.

கையிழந்தாரும் காலிழந்தாரும் ஒருங்கு போட்டியிடின் நேர்மை யாதாம் எனின், ஊனத்தின் இயல்பும் அளவும் ஆராய்ந்து வீரரை வகுப்புகளாகப் பிரிப்பர். இறகுப்பந்தாட்டத்தில் கைக்குறையுடையோர் எஸ்.யு.5 வகுப்பினர், குறுவடிவினர் எஸ்.எச்.6 வகுப்பினர். இதனால் குறை குறையோடு ஒப்பாகிறது. வெற்றியைத் திறமையே முடிவு செய்கிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதிற் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கப் பெற்றவர். அவர் உயரத் தாண்டலில் 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன்னும், 2021-ல் டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். பதக்கத்தின் நிறம் மாறினும் மூன்று பந்தயங்களிலும் தளராது நின்ற உறுதி மாறவில்லை. பாரிஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் இறகுப்பந்தில் வென்றனர். ரியோவில் நான்காயிருந்த இந்தியப் பதக்கங்கள் டோக்கியோவிற் பத்தொன்பதாய், பாரிஸில் இருபத்தொன்பதாய் உயர்ந்தன.

இவ்வுயர்வு வீரரது ஊக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. களமும் கருவியும் பயிற்சியும் அளித்தார் பங்கும் அதிலுண்டு. இதனை நம் ஆற்காட்டு நாடு முன்பே அறிந்தது. 1954-ல் விபத்தால் இடுப்பின்கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளைச் சீர்செய்யும் அறுவைகளைச் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூர்ப் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவர் அறிவு குன்றவில்லை. அதற்கு இடங்கொடுத்தாரும் இருந்தனர்.

ஆதலின் வீரரைப் புகழ்ந்து கைகொட்டுதலோடு நம் கடன் தீராது. படிகளேயுள்ள வாயிலின் முன் நின்று மாணவனொருவன் திரும்புவானாயின், பழி அவன் காலைச் சாராது. சாய்தளம் அமைக்க முயலாத நம்மையே சாரும். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வர், வாயில் அடைபட்டமை கண்டு அவனைத் திருப்பிக் கொண்டு போகவில்லை, கூரையைப் பிரித்தனர். அந்நால்வர்க்குரிய பணி இன்றும் நமக்கு எஞ்சியுளது.